கேஜுன், ஜைடிகோ பாடல்களில் மறைந்திருப்பதைக் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், தென்மேற்குப் பகுதியில் வாழும் கேஜுன், ஜைடிகோ என்ற பிரெஞ்சுப் பாடல்கள் என்றதுமே பலரும் ஓநாய் மனிதனையும் மாந்திரீகத்தையும் சதுப்பு நில ஆவிகளையும் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். பழைய நடனப் பாடல்களை வரிவரியாக எழுதி எடுத்துப் பாருங்கள், அவை அங்கே அநேகமாகக் கிடைக்காது. கிடைப்பவை வேறு: உப்பில்லாத பீன்ஸ், திறக்காத கதவு, சவப்பெட்டியைச் சுற்றி எரியும் மெழுகுவத்தி, டெக்சஸுக்குப் போய்த் திரும்பாத பெண், சிறைக் கம்பி. அந்த மக்களின் நம்பிக்கைகள் இந்தச் சாதாரணப் பொருள்களுக்குள்தான் குடியிருக்கின்றன. அதனால் முதலில் இது யாருடைய பாட்டு என்று பார்க்க வேண்டும். அடுத்து பாடகர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அதற்கும் பிறகு அந்தச் சொல்லுக்கு அவர்கள் வீட்டிலும் வயலிலும் தேவாலயத்திலும் என்ன வேலை இருந்தது என்று விசாரிக்க வேண்டும். பேயைக் கடைசியில் தேடினால் போதும்.

படி 1: யாருடைய பாட்டு, எந்த ஊர்

1755 முதல் பிரிட்டிஷ் அதிகாரிகள் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரெஞ்சு பேசும் அகாடியர்களைக் குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1760களின் நடுவில் லூசியானா வந்தார்கள். 1785இல் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் கேஜுன்கள். அதே புல்வெளிப் பகுதியில், அதே பிரெஞ்சைப் பேசிக்கொண்டு வாழ்ந்த கறுப்பின மக்கள் கிரியோல்கள். ஜைடிகோ இசை இவர்களுடையது.

ஆனால் கேஜுன் வேறு, ஜைடிகோ வேறு என்று இரண்டு கூடைகளில் பிரித்துப் போட்டுவிட முடியாது. கேஜுன் இசையின் முதல் இசைத்தட்டை 1928இல் ஜோ ஃபால்கனும் கிளியோமா ப்ரோவும் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே அமெடே ஆர்டுவான் என்ற கறுப்பினக் கலைஞரின் அக்கார்டியனும் டென்னிஸ் மக்கீ என்ற வெள்ளையரின் பிடிலும் ஒரே தட்டில் ஒலித்தன. இன்று கேஜுன் இசை என்று விற்கும் மெட்டுகளில் பல ஆர்டுவானுடையவை. ஒரு பாட்டின் பின்னணியை ஆராயும்போது இரு சமூகத்தின் பதிவுகளையும் கேட்டே ஆக வேண்டும்.

ஊரில்தான் பலர் தவறுகிறார்கள். மாமூ, யூனிஸ், பாஸில், சர்ச் பாயின்ட், ஒபலூசஸ், லாஃபயெட் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து லாஃபயெட்டுக்கே சாலை வழி 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நியூ ஆர்லியன்ஸின் வூடூ மாந்திரீகக் கதைகளைக் கொண்டுவந்து இந்தப் பாடல்களுக்குப் பொருள் சொல்வதுதான் இணையத்தில் மிக அதிகமாகக் காணும் பிழை.

படி 2: பொருளுக்கு முன் ஒலியை எழுதுங்கள்

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். அதில் பெரும்பகுதியை அக்கார்டியனும் பிடிலும் எடுத்துக்கொள்ள, பாட்டுக்கு இரண்டு மூன்று கண்ணிகள்தான் மிஞ்சும். ஒரே பாட்டின் மூன்று பதிவுகளையாவது தேடி எடுங்கள். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் 75 சதவீதமாகக் குறைத்து ஓடவிடுங்கள். காதில் விழும் ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ‘அயீ யாய்’ என்ற கூவல்களையும் விடாதீர்கள், அவை நிரப்பு ஒலிகள் இல்லை. பல பாடல்களில் துக்கத்தின் எடை அங்கேதான் விழுகிறது. மூன்று பதிவுகளையும் அருகருகே வைத்த பிறகுதான் பொருளுக்குப் போக வேண்டும்.

தட்டின் மேல் அச்சிட்ட தலைப்பை நம்ப வேண்டாம். 1921ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டம் பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே என்று ஆக்கியது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். வீட்டில் பிரெஞ்சு பேசியவர்களில் மிகப் பலருக்கு அதை எழுதத் தெரியாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். ‘அவ்வப்போது’ என்று பொருள்படும் ‘தூ லெ தாம் ஸான் தாம்’ பொருளே இல்லாத எழுத்துக்கூட்டலாக உறையில் அச்சானது அப்படித்தான்.

பாரிஸ் பிரெஞ்சு அகராதியும் கைவிடும். ‘காத்தேன்’ என்பது அங்கே வசைச்சொல்லாகவும் ஆகும், இங்கே பொம்மை, செல்லப் பெண். ‘நேக்ர்’, ‘நேக்ரெஸ்’ என்ற சொற்கள் நிறத்தைக் குறிக்காமல், கணவன் மனைவி ஒருவரையொருவர் கொஞ்சும் அழைப்பாக வரும். நேதன் ஆப்ஷையர் 1949இல் பதிவுசெய்த ‘பைன் குரோவ் புளூஸ்’ இதற்கு நல்ல பயிற்சி. ‘நேக்ரெஸ்’, ராத்திரி எங்கே போயிருந்தாய் என்று அவன் கேட்கிறான். அவள் வந்து சேர்ந்தபோது பொழுது விடிந்துகொண்டிருந்தது. உடை எப்படிக் கிழிந்தது என்பதுதான் பாட்டின் மறைபொருள், அழைப்புச் சொல்லில் மறைபொருள் எதுவும் இல்லை.

வரிகள் கோர்வையில்லாமல் இருப்பதைக் கண்டு ரகசியக் குறியீடு என்று நினைத்துவிடக் கூடாது. ஒலிபெருக்கி இல்லாத நடனக் கூடத்தில், நூறு கால்கள் தரையைத் தேய்க்கும் சத்தத்துக்கும் அக்கார்டியனுக்கும் மேலே போக, பாடகர் உச்சக் குரலில் கத்தினார். கதை சொல்ல அங்கே இடமில்லை. ‘உன் கதவைக் கடந்து போனேன்’, ‘பெருவழியில் தனியாக’, ‘நான் அநாதை’ போன்ற வரிகள் பொதுச் சொத்து, பாட்டிலிருந்து பாட்டுக்கு நகரும். பத்துப் பாட்டில் வரும் வரியை ஒரு பாடகரின் சொந்த வாழ்க்கையோடு முடிச்சுப் போடாதீர்கள். பெற்றோர் உள்ளவரும் இந்தப் பாட்டில் அநாதைதான். காதலி கைவிட்டவன் ஊரில் யாருமற்றவன் என்று பொருள்.

படி 3: உப்பைப் பிடியுங்கள்

‘லெ ஸாரிகோ ஸோன் பா ஸாலே’, அதாவது ‘பீன்ஸில் உப்பில்லை’. ஜைடிகோ என்ற பெயரே இந்த ‘லெ ஸாரிகோ’விலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் வேர் தேடுவோரும் உண்டு.

இந்த வரியை மூன்று அடுக்காகப் பிரித்துக் கேட்க வேண்டும். முதல் அடுக்கு சமையலறை. பீன்ஸுக்கு ருசி தருவது அதோடு வேகும் உப்புக்கண்டமான பன்றி இறைச்சி. அதை வாங்க வழியில்லாத வீட்டில் பீன்ஸ் சப்பென்று வேகும். வறுமை என்ற சொல்லைச் சொல்லாமலேயே வறுமையைச் சொல்லியாகிவிட்டது.

இரண்டாம் அடுக்கு தவக்காலம். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர்களான ஜான் லோமாக்ஸும் மகன் ஆலன் லோமாக்ஸும் 1934இல் லூசியானாவில் பதிவு செய்தபோது, ஜிம்மி பீட்டர்ஸும் அவருடைய குழுவும் இந்த வரியைப் பாடினார்கள். அக்கார்டியன் இல்லை, பிடில் இல்லை. கைத்தட்டு, கால் மிதி, குரல் மட்டும். இந்த வகைக்கு ஜூரே என்று பெயர். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை கத்தோலிக்க வீடுகளில் வாத்தியத்துக்கும் நடனத்துக்கும் தடை. வாத்தியம் வாசித்தால்தானே பாவம்? உடம்பையே வாத்தியமாக்கிக்கொண்டார்கள். ஒரு மத விலக்கிலிருந்து ஒரு தாளமே கிளைத்திருக்கிறது. பின்னாளைய ஜைடிகோவின் விட்டுவிட்டு அடிக்கும் தாளத்தை அந்த 1934 பதிவோடு சேர்த்துக் கேட்டால் உறவு உடனே பிடிபடும். எல்லாப் பாடல்களையும்விட இங்கே நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

மூன்றாம் அடுக்கு கொண்டாட்டம். ஜைடிகோ கலைஞர் கிளிஃப்டன் ஷெனியே 1965இல் இதே வரியைப் பெரிய பியானோ அக்கார்டியனோடு பாடியபோது ‘ஜைடிகோ’ என்றால் இசையும் நடனமும் கூடும் இடமும் என்று ஆகிவிட்டிருந்தது. அவருடைய அண்ணன் கிளீவ்லண்ட் தோளில் மாட்டி உரசிய தகரக் கவசமான ஃப்ரோத்வார், துணி துவைக்கும் பலகையிலிருந்து பிறந்தது. கிளிஃப்டன் சொன்ன வடிவில் 1946இல் டெக்சஸின் போர்ட் ஆர்தரில் வில்லி லாண்ட்ரி என்ற உலோகத் தொழிலாளி அதைச் செய்து கொடுத்தார். பஞ்சத்தைச் சொன்ன வரி ஆட்டத்துக்கு அழைக்கும் வரியானது. பொருள் மாறிவிட்டது என்று ஒன்றை அழித்து ஒன்றை எழுதாமல், மூன்றையும் ஆண்டோடு குறித்து வையுங்கள்.

படி 4: கதவு, டெக்சஸ், சிறை

‘உன் கதவைக் கடந்து போனேன்’ என்று தொடங்கும் வால்ட்ஸை, அதாவது மூன்று தட்டுத் தாளத்தில் அமைந்த ஜோடி நடனப் பாட்டை, முதல்முறை கேட்பவர் காதல் பாட்டு என்றே நினைப்பார். மெட்டு மகிழ்ச்சி தொனிக்கும் மேஜர் ஸ்வரவரிசையில் இருக்கிறது, ஜோடிகள் இன்றும் சிரித்தபடி ஆடுகிறார்கள். வரிகளைப் பாருங்கள். போய்வருகிறேன் என்று காதலியைக் கூவி அழைக்கிறான். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்க்கிறான். அவளுடைய சவப்பெட்டியைச் சுற்றி மெழுகுவத்திகள் எரிகின்றன.

அந்தக் காலத்தில் இறந்தவர் உடல் வீட்டு முன்னறையில்தான் கிடத்தப்படும். உறவும் ஊரும் இரவு முழுக்கக் கண்விழித்து ஜெபமாலை சொல்லும். சாவு வீட்டில் கடிகாரத்தை நிறுத்துவதும் கண்ணாடியைத் துணியால் மூடுவதும் வழக்கம். இதோடு வளர்ந்தவருக்கு மெழுகுவத்தி என்ற ஒரு சொல் போதும். பாட்டு ‘செத்துப்போனாள்’ என்று சொல்லவே வேண்டியதில்லை. இது ஆவிக் கதை இல்லை, சாவு வீட்டின் நேரடிக் காட்சி. இதில் பேயைப் புகுத்துபவர்கள் பாட்டின் மிக நுட்பமான இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

‘நரக நெருப்பு’ பாட்டிலும் இதே கவனம் தேவை. ஆஸ்டின் பித்ரேயின் பதிவு பெயர்பெற்றது. எனக்காக மன்றாடுங்கள், என் ஆன்மாவை நரக நெருப்பிலிருந்து காப்பாற்றுங்கள் என்கிறான். கத்தோலிக்கக் கணக்கில் நரகத்துக்குள் போய்விட்டவனுக்கு யாருடைய ஜெபமும் உதவாது. அப்படியானால் பாடுபவன் இன்னும் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருப்பவன் தன் முடிவைத் தானே தீர்மானித்துக்கொண்டு பேசுகிறான் என்பதுதான் அதன் பயங்கரம்.

டெக்சஸ் வரும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1901இல் டெக்சஸின் போமான்ட் அருகே ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. அடுத்த பல பத்தாண்டுகளில் கேஜுன்களும் கிரியோல்களும் போமான்ட், போர்ட் ஆர்தர் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பாட்டில் ‘கிராண்ட் டெக்சஸ்’ என்றால் போனவர் திரும்பாத திசை. ‘என்னை விட்டு கிராண்ட் டெக்சஸ் போனாய்’ என்ற பாட்டின் மெட்டைத்தான் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1952இல் தன் ‘ஜம்பலயா’ பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். அதில் விருந்து மிஞ்சியது, பிரிவு மறைந்தது.

சிறைப் பாடல்களில் நேர்ப்பொருளே போதும். டக்ளஸ் பெல்லார்ட் 1929இல் பதிவுசெய்த சிறை வால்ட்ஸ், பின்னர் கான்ரே ஃபோன்டெனோ பிடிலோடு பாடிய ‘சிறைக் கம்பிகள்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடியவர்கள் தெற்கு மாநிலக் கறுப்பினத்தவர் என்பதை மறந்துவிட்டுக் ‘காதல் சிறை’ என்று உருவகம் சொல்வது பெரிய அநியாயம்.

படி 5: மார்டி கிரா பாட்டைச் சடங்கோடு படியுங்கள்

மார்டி கிரா என்பது தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. அன்று மாமூ, சர்ச் பாயின்ட், டீ மாமூ போன்ற ஊர்களில் முகமூடிக் கூட்டம் வீடு வீடாகப் போய் கும்போ குழம்புக்குப் பொருள் யாசிக்கும். கோழிதான் முதல் பரிசு. உயிரோடு பறக்கவிடுவார்கள், துரத்திப் பிடிக்க வேண்டும்.

‘தளபதியே, தளபதியே, கொடியை வீசு’ என்பது அந்தப் பாட்டின் தொடக்கம். கவிதை அழகுக்காக வந்த வரி இல்லை, செயல்முறை விதி. தளபதி முகமூடி போடமாட்டார். கையில் வெள்ளைக் கொடி. கூட்டம் வாசலுக்கு வெளியே நிற்க, அவர் மட்டும் போய் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பார். கொடி அசைந்த பிறகுதான் மற்றவர்கள் வளவுக்குள் கால் வைக்கலாம். கதவு கதவாகப் போகிறோம், ஆண்டுக்கு ஒருமுறை தர்மம் கேட்கிறோம் என்ற வரிகள் வீட்டாருக்கு விடுக்கும் உறுதிமொழி: நாங்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர், மாலையில் நீங்களும் கும்போவுக்கு வரலாம். கூம்புத் தொப்பி பழைய பிரபுத்துவ மகளிரின் தலையணியைக் கேலி செய்வதாகச் சொல்வார்கள். ஏழை பிரபு வேடத்தில் வந்து பிச்சை கேட்கிறான்.

மெட்டையும் கவனிக்க வேண்டும். கேஜுன் நடனப் பாடல்களில் பெரும்பாலானவை மேஜரில் இருக்க, இது சோகம் தொனிக்கும் மைனர் சாயலில் ஒலிக்கிறது. வழக்கமான அக்கார்டியன் ஒற்றை வரிசை, பத்துப் பொத்தான், பெரும்பாலும் ஸி சுருதி. அதில் ஒரே மேஜர் வரிசையின் ஸ்வரங்கள்தான் உண்டு. அதே ஸ்வரங்களை வேறு ஆதார ஸ்வரத்திலிருந்து தொடங்கினால் இந்தச் சாயல் வந்துவிடும். இந்த மெட்டை இடைக்கால பிரான்சோடு இணைத்துப் பேசுவார்கள். யாசகச் சடங்குக்கு ஐரோப்பிய வேர் இருப்பது உறுதி. மெட்டின் வயதைச் சொல்லும்போது மட்டும் நிதானம் வேண்டும்.

டீ மாமூவின் பாட்டு முற்றிலும் வேறு. முகமூடிகளே, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேள்வி; இங்கிலாந்திலிருந்து என்று பதில். பிறகு நிறைந்த மதுப் புட்டி ஒன்று படிப்படியாகக் குறைந்துகொண்டே போகிறது. ஒரே நாள், பக்கத்து ஊர், வேறு பாட்டு. ‘மார்டி கிரா பாட்டு’ என்று ஒருமையில் எழுதாமல் ஊர்ப்பெயரோடு எழுதுங்கள்.

படி 6: விலங்குகளும் ஒரு பெண் பெயரும்

கொலம்பஸ் ஃப்ரூஜே 1929இல் பதிவுசெய்த ‘ஸோத் கிராப்போ’வில் தேரையைப் பார்த்துக் குதி, உன் வால் எரியப்போகிறது, தைரியமாக இரு, மறுபடி முளைக்கும் என்கிறார்கள். தேரைக்கு வால் கிடையாது. இல்லாத வால் எரிந்தால் என்ன, முளைத்தால் என்ன? பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் பாட்டுக்குச் சூனியப் பொருள் தேட வேண்டியதில்லை.

ஓநாயும் நரியும் மரநாயும் ஆடுவதைக் கண்டேன் என்ற பாட்டு பிரான்சிலிருந்தே வந்தது. ஒரு பெண் ‘ஓநாயைப் பார்த்துவிட்டாள்’ என்றால் பழைய பிரெஞ்சு வழக்கில் கன்னிமை கழிந்தது என்று பொருள். இங்கே இரட்டைப் பொருள் நிஜமாகவே உண்டு.

‘ஹிப்பும் தயோவும் என் சறுக்குவண்டியைத் திருடின’ என்பது இரண்டு நாய்களின் பாட்டு. தயோ என்பது பிரெஞ்சு வேட்டைக்காரர் நாய்களை ஏவும் கூவல். கேஜுன் பாட்டான இதன் துண்டு ஷெனியேயின் 1965 ஜைடிகோ பதிவுக்குள்ளும் தலைகாட்டுகிறது. இரு சமூகங்களின் கொடுக்கல் வாங்கலுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

‘கொலிண்டா’ என்ற பாட்டின் தலைப்பு இன்று ஒரு பெண்ணின் பெயராக ஒலிக்கிறது. அம்மா இல்லாத நேரம் பார்த்து ஆடலாம் வா, கிழவிகள் கோபப்படட்டும் என்கிறான் பையன். பெயருக்குப் பின்னால் இருப்பது கலிண்டா, அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கரீபியன் தீவுகளிலும் லூசியானாவிலும் ஆடிய ஆட்டம். அதை எசமானர்களும் பாதிரியார்களும் அசிங்கம் என்று எதிர்த்தார்கள். கிழவிகளின் கோபத்துக்குள் அந்தப் பழைய எதிர்ப்பு பதுங்கியிருக்கிறது என்று படிக்க இடமுண்டு. ஆனால் அது ஒரு வாசிப்பு மட்டுமே என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

படி 7: இப்போது பேய்கள்

ரூகாரூ, ஃபூ ஃபோலே, கோஷ்மார் ஆகியவை அந்த மக்களின் உண்மையான நம்பிக்கைகள்தான். அவை பாட்டைவிட, மாலையில் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசும் வேய்யே கதைகளில் வாழ்ந்தன. ரூகாரூ ஓநாய் மனிதன். அதற்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது என்பார்கள். வாசலில் பதின்மூன்று சிறு பொருள்களை வைத்தால் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே விடிந்துவிடும். ஃபூ ஃபோலே சதுப்பில் அலையும் ஒளி, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையின் ஆன்மா என்று சொல்வதுண்டு. வேலிக் கம்பத்தில் கத்தியைக் குத்திவைத்தால் அது கத்தியோடு மல்லாடும், வழிப்போக்கர் தப்பிக்கலாம். கோஷ்மார் தூங்குபவர் நெஞ்சில் ஏறி அமுக்குவது. பெரிய வெள்ளியன்று மண்ணைக் கிளறினால் ரத்தம் கசியும் என்பதால் அன்று தோண்ட மாட்டார்கள். மந்திரித்துக் குணமாக்கும் த்ரேத்தருக்குக் காசு தரக்கூடாது, நன்றியும் சொல்லக்கூடாது.

நடனக் கூடத்தில் இவற்றுக்கு இடம் கிடைக்காததற்குக் காரணம் எளிது. அங்கே கூடியவர்கள் ஜோடி தேட வந்தார்கள், பாட்டும் காதலையும் பிரிவையும் பற்றியே இருந்தது. ரூகாரூவைப் பெயர் சொல்லிப் பாடும் பாட்டு கிடைத்தால் முதலில் அதன் ஆண்டைப் பாருங்கள், பெரும்பாலும் அண்மைக்காலத்து இயற்றலாக இருக்கும்.

படி 8: எழுதும் முன் சோதனை

ஒரு மறைபொருளைச் சொல்லத் துணியும் முன் மூன்று சான்று கேளுங்கள். வேறொரு பதிவிலும் அந்த வரி இருக்கிறதா? அந்தப் பகுதி மக்களின் வாய்மொழியில் அந்த வழக்கம் பதிவாகியிருக்கிறதா? ஆண்டு பொருந்துகிறதா? மூன்றில் குறைந்தது இரண்டு தேறாவிட்டால் அது உங்கள் ஊகம்.

ஆண்டுக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு ஆர்டுவானே சாட்சி. நடனத்தில் வியர்வை துடைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் கைக்குட்டை கொடுத்தாள், அதற்காக அவரை அடித்துச் சிதைத்தார்கள் என்று கான்ரே ஃபோன்டெனோ உள்ளிட்ட கலைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பொறாமையில் யாரோ விஷம் வைத்தார்கள் என்ற பேச்சும் உண்டு. 1942இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் அவர் இறந்தார். அவருடைய பாடல்களில் தன் முடிவை முன்பே அறிந்த குரல் கேட்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அவருடைய 34 பதிவுகளும் 1929க்கும் 1934க்கும் இடையில் முடிந்துவிட்டவை. தாக்குதலைச் சொல்பவர்கள் அதை அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் வைக்கிறார்கள். அந்தக் குரலில் இருப்பது ஒரு கறுப்பினக் கலைஞர், வெள்ளையர் ஆட வாசித்துவிட்டு இருட்டில் தனியே வீடு திரும்ப வேண்டியிருந்த அன்றாடம். அதைக் கேட்க முன்னறிதல் எதுவும் தேவையில்லை.

தொடங்குபவர்கள் 1934 ஜூரே பதிவை முதலில் கேளுங்கள், அடுத்து ஆர்டுவான்–மக்கீ ஜோடியின் ஒரு வால்ட்ஸ், பிறகு ஷெனியேயின் 1965 பதிவு, கடைசியாக பால்ஃபா சகோதரர்கள் என்ற கேஜுன் குழுவின் மார்டி கிரா பாட்டு. லோமாக்ஸ் பதிவுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. லாஃபயெட்டிலுள்ள லூசியானா பல்கலைக்கழகத்தின் கேஜுன், கிரியோல் நாட்டார் வழக்காற்று ஆவணக் காப்பகத்தில் வாய்மொழிப் பேட்டிகளும் கிடைக்கும். வாய்மொழிச் சான்றை அங்கேதான் தேட வேண்டும்.